படிப்பு ஆலோசனைக்குக் காசு கொடுக்கலாமா? சென்னையில் கிடைக்கும் சேவைகள் பற்றி ஒரு மதிப்பீடு

ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு சென்னையில் ஆலோசனைக் கடைகள் திறந்துவிடும். அண்ணா நகர், வேளச்சேரி, போரூர், தாம்பரம் என எந்தப் பக்கம் போனாலும் ‘கவுன்சிலிங் வழிகாட்டி’ பேனர் தொங்கும். இந்தியாவில் படிப்பு ஆலோசகராக இருக்க உரிமம் எதுவும் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அதனால் மதிப்பிடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இந்த ஆலோசகருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? மாணவரிடமிருந்தா, சேர்த்துவிடும் கல்லூரியிடமிருந்தா?

நேராகக் கேட்டால் நேரான பதில் வராது. சுற்றி வளைத்துக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கமிஷன் கிடைக்காத படிப்பைப் பற்றி அவர் தானாக வாய் திறக்கிறாரா என்று கவனியுங்கள். மாநிலக் கல்லூரி, ராணி மேரி கல்லூரி, நந்தனம் அரசு கலைக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஐந்து கல்லூரி வரைக்கும் சேர்த்து விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம் தன் சொந்த நுழைவுத் தேர்வை வைத்து கணக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டப்படிப்புக்கு ஆள் எடுக்கிறது, ஜேஇஇ தேவையில்லை. சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பிஎஸ் படிப்பில், நான்கு வாரப் பாடம் முடித்துத் தகுதித் தேர்வு எழுதினால் சேரலாம். வேறு பட்டப்படிப்பு படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். சிஏ எனும் பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல் கட்டமான ஃபவுண்டேஷனில் நான்கே தாள். ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. 2023-ல் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற நடைமுறைப் பயிற்சி இரண்டே வருடம். இதில் எதுவுமே ஒரு மணி நேரப் பேச்சில் வரவில்லை, ஆனால் ஊருக்கு வெளியே இருக்கும் ஏதோ ஒரு சுயநிதிக் கல்லூரியின் பெயர் மட்டும் மூன்று முறை வந்தது என்றால், அந்த இடத்தில் இரண்டாவது மணி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

சாய்ஸ் லிஸ்ட் போட்டுத் தருகிறவர்கள்

கலந்தாய்வில் மாணவர் தன் விருப்ப வரிசையில் கொடுக்க வேண்டிய கல்லூரி, பிரிவுப் பட்டியலைப் போட்டுத் தருவதுதான் சென்னையில் அதிகம் விற்கும் சேவை. பொறியியல் சேர்க்கைக்கான டிஎன்இஏ கலந்தாய்வு 2018 முதல் முழுக்க ஆன்லைன். 2019 முதல் கிண்டியில் உள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. சமீப ஆண்டுகளில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்கிறார்கள், நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளைக்கு அந்தப் பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றும். உதவி தேவைப்படுவது நியாயம். காசு கொடுக்கும் அளவுக்கு அதில் வேலை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ரேங்க்குக்கு அடிப்படையான கட்-ஆஃப் மதிப்பெண்ணின் கணக்கு எளிது: கணக்கு நூறுக்கு, இயற்பியல் ஐம்பதுக்கு, வேதியியல் ஐம்பதுக்கு, மொத்தம் இருநூறு. கணக்கில் 91, இயற்பியலில் 84, வேதியியலில் 88 எடுத்த மாணவிக்கு 91, 42, 44 கூட்டி 177. கணக்கில் இரண்டு மார்க் கூடினால் 179. இயற்பியலில் அதே இரண்டு கூடினால் 178 தான். மறுகூட்டலுக்குப் போடுவதா என்று யோசிக்கும்போது இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். நடு வரிசை மார்க்கில் ஒரு மார்க் இடைவெளிக்குள் ஏராளமானவர்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். சமமான கட்-ஆஃப் வந்தால் முதலில் கணக்கு, பிறகு இயற்பியல், பிறகு நான்காவது பாடம், பன்னிரண்டாம் வகுப்பு மொத்தம், பத்தாம் வகுப்பு மொத்தம், பிறந்த தேதி என்று பார்த்துக்கொண்டே போய், கடைசியில்தான் விண்ணப்பத்துக்குக் கணினி தரும் ரேண்டம் எண் வரும். ரேண்டம் எண் வெளியான நாளன்று அதைப் பார்த்துக் கவலைப்படுகிற பெற்றோருக்கு இதை எடுத்துச் சொல்லாத ஆலோசகர் வேலையைச் சரியாகச் செய்யவில்லை.

கடந்த ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பினருக்கு எந்த மார்க்கோடும் எந்த ரேங்க்கோடும் இடம் முடிந்தது என்ற விவரம் டிஎன்இஏ தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. காசு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதையே எக்செல்லில் போட்டுத் தருகிறார்கள். தரம் பார்க்க ஒரு கேள்வி போதும்: “சார், நீங்க கட்-ஆஃப் வச்சுப் போடுறீங்களா, ரேங்க் வச்சா?” வினாத்தாள் எளிதாக அமைந்த வருடத்தில் எல்லோர் மார்க்கும் ஏறிவிடும், போன வருடம் 177-க்குக் கிடைத்த இடம் இந்த வருடம் 177-க்குக் கிடைக்காது. ரேங்க் அப்படி ஏமாற்றாது. அதிலும் பொது ரேங்க்கோடு வகுப்புவாரி ரேங்க்கையும் சேர்த்து, மூன்று வருடத்து விவரத்தை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே வருடத்து கட்-ஆஃபை மட்டும் வைத்துப் பட்டியல் போடுகிறவருக்கு எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று.

பட்டியலில் வரிசை போடுவதில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. கணினி உங்கள் ரேங்க் வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். எட்டாத கல்லூரியை மேலே போட்டால் ஒரு நஷ்டமும் இல்லை, அது கீழே உள்ளதைக் கெடுக்காது. போடும் சாய்ஸுக்கு எண்ணிக்கை வரம்பும் இல்லை. ஆகவே நல்ல பட்டியல் நீளமாக இருக்கும்: மேலே ஆசைப்பட்டவை, நடுவில் ரேங்க்குக்குப் பொருந்துபவை, அடியில் நிச்சயம் கிடைப்பவை. எல்லாம் உங்கள் விருப்ப வரிசையில் இருக்க வேண்டும்.

இப்போது ஒரு மோசமான பட்டியலை அருகில் வைத்துப் பாருங்கள். மொத்தம் இருபது சாய்ஸ். முதல் ஐந்தும் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி, குரோம்பேட்டை வளாகம் மாதிரியான, அந்த ரேங்க்குக்கு எட்டவே எட்டாத இடங்கள். ஆறாவது இடத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரி, போன வருடம் இந்த மாணவியின் ரேங்க்கைவிட எவ்வளவோ பின்னால் உள்ளவர்களுக்கும் கிடைத்த இடம். ஏழிலிருந்து இருபது வரை சுமாராக நல்ல கல்லூரிகள். பார்க்க அழகான பட்டியல். ஆனால் ஆறாவது இடம் கண்டிப்பாகக் கிடைத்துவிடும் என்பதால் ஏழிலிருந்து இருபது வரை இருப்பதைக் கணினி படிக்கவே போவதில்லை. அந்த ஆறாவது கல்லூரிக்கு மாணவியை அனுப்பத்தான் மொத்தப் பட்டியலும் எழுதப்பட்டிருக்கிறது. ஆலோசகர் தந்த பட்டியலைக் கையில் வாங்கியதும், ஒவ்வொரு சாய்ஸுக்கும் எதிரே போன வருடத்துக் கடைசி ரேங்க்கைப் பென்சிலால் எழுதுங்கள். மேலிருந்து வரும்போது உங்கள் ரேங்க்கைத் தாண்டிய எண் முதலில் எங்கே வருகிறதோ, கிட்டத்தட்ட அங்கேதான் உங்களுக்கு இடம். அந்தக் கல்லூரி அந்த உயரத்தில் இருக்கத் தகுதியானதா என்று மட்டும் கேட்டால் போதும், ஆலோசகரின் நேர்மை தெரிந்துவிடும்.

இன்னொன்று, பதிவு செய்யும் மொபைல் எண்ணும் பாஸ்வேர்டும். “எங்க நம்பரையே போட்டுடறோம், நாங்க பாத்துக்கறோம்” என்று சொல்லும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஓடிபி அவர்கள் போனுக்குப் போனால் சாய்ஸை மாற்றுவதும் லாக் செய்வதும் அவர்கள் கையில். தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு உறுதி செய்யக் கிடைப்பது இரண்டு நாள். அதற்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும்.

அந்த இரண்டு நாளில் கேட்கப்படும் கேள்விதான் மொத்தக் கலந்தாய்விலும் கடினமானது. ஆலோசனைக்குக் காசு கொடுப்பதானால் இதற்குக் கொடுக்கலாம். முன்னால் இருக்கும் வழிகள் ஐந்து: கிடைத்த இடத்தை ஏற்றுச் சேர்வது, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள சாய்ஸ் காலியானால் அதற்கு நகரக் காத்திருப்பது, இதை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் கேட்பது, விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது, விலகிவிடுவது. ஏற்றுக்கொண்டு காத்திருப்பவர் குறித்த நாளுக்குள் உதவி மையத்தில் பணம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் கையில் இருந்ததும் போகும். மேலே உள்ள இடம் கிடைத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. பட்டியலின் மேல் பகுதியை யோசிக்காமல் நிரப்பியவர்களுக்கு இங்கேதான் அடி விழும்: தாம்பரத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த இடத்தை விட்டு, பெயருக்காக மேலே போட்டுவைத்த தூரத்துக் கல்லூரிக்குத் தூக்கிப் போடப்பட்டிருப்பார்கள். அடுத்த சுற்றுக்குப் போவதென்றால் மிச்சம் இருக்கும் இடங்களில்தான் தேட வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிரிவா, கல்லூரியா என்ற கேள்விக்கு நல்ல ஆலோசகர் பாடத்திட்டத்தைத் திறந்து காட்டுவார். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் ஐடிக்கும் மூன்றாவது செமஸ்டர் கிட்டத்தட்ட ஒன்றே: டிஸ்கிரீட் மேத்ஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டேட்டா சயின்ஸ் அடிப்படை எல்லாம் இரண்டிலும் உண்டு. ‘சிஎஸ்இ’ என்ற மூன்று எழுத்துக்காக நல்ல கல்லூரியின் ஐடியை விட்டுவிட்டு மட்டமான கல்லூரிக்குப் போவது வருத்தமான முடிவு. இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் வெளியிடுகிறது. ஒரு செமஸ்டரை மட்டும் பார்க்காமல் மூன்றைப் பாருங்கள், எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே தேர்வு வைத்துத் தாமே திருத்துகின்றன, அவற்றின் தேர்ச்சி விழுக்காட்டை இந்தப் பட்டியலோடு ஒப்பிடக் கூடாது.

கட்டண விஷயத்திலும் ஆலோசகர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். 2017-ல் நிர்ணயித்தபடி சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தேசிய அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000. பஸ், ஹாஸ்டல், ‘டிரெய்னிங்’ என்று மேலே ஏறுவதுதான் பட்ஜெட்டை உடைக்கும். அவற்றைத் தனித்தனியாக, நான்கு வருடத்துக்கும் கூட்டி எழுதித் தரச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இதைச் சொல்லாமல் அப்படிப்பட்ட பிள்ளையிடம் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அட்வான்ஸ் கேட்கிறவர் பெரிய தவறு செய்கிறார். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது. “செர்டிபிகேட்டை ஆபீஸ்ல குடுத்துட்டுப் போங்க, சீட்டை லாக் பண்ணிடலாம்” என்றால் எழுந்து வந்துவிடலாம்.

மொத்தத்தில், காசு வாங்கிப் பட்டியல் போடும் சேவைக்கு ஐந்துக்கு இரண்டு. ரேங்க் விவரத்தை மேசை மேல் விரித்து வைத்து, நீங்கள் பட்டியல் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்து, உறுதி செய்யும் இரண்டு நாளும் போனில் கிடைக்கிறவர் என்றால் நான்கு. அப்படிச் சிலர் இருக்கிறார்கள், தேடிப் பிடிக்க வேண்டும்.

ஆப்டிட்யூட் டெஸ்ட்

சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு டெஸ்ட்டும் முப்பது பக்க ரிப்போர்ட்டும் தருகிறார்கள். இதில் மூன்று வெவ்வேறு சாமான்கள் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன: திறன் சோதனை, ஆர்வச் சோதனை, குணநலச் சோதனை. திறன் சோதனைக்கு நேரக் கட்டுப்பாடும் சரியான விடையும் உண்டு. ஆர்வச் சோதனையில் பிள்ளை தன்னைப் பற்றித் தானே சொல்வதைத்தான் திருப்பிக் கொடுக்கிறார்கள். அதனால் ‘உங்கள் குழந்தைக்கு ஆராய்ச்சித் திறன் அதிகம்’ என்று ஆர்வச் சோதனை முடிவை வைத்து ஒருவர் சொன்னால், அவருக்கே வித்தியாசம் தெரியவில்லை.

ரிப்போர்ட்டில் ‘பர்சன்டைல் 62’ என்று இருந்தால், ஒப்பிட்ட கூட்டத்தில் நூற்றுக்கு 62 பேரைவிட மேல் என்று பொருள். 62 மார்க் என்று பொருளில்லை. ஒப்பிட்ட கூட்டம் யார் என்று கேளுங்கள். இங்குள்ள ப்ளஸ் டூ மாணவர்களா, வேறு நாட்டுப் பெரியவர்களா? அடுத்து மொழி. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் தர்க்கக் கேள்வி கொடுத்தால், தர்க்கத்துக்குப் பதிலாக ஆங்கிலத்தைத்தான் அளக்கிறது அந்தச் சோதனை. தமிழ்க் கேள்வித்தாள் இல்லாத இடத்தில் அந்தப் பிள்ளைக்குப் பணம் கட்ட வேண்டாம்.

ஆர்வச் சோதனைகளில் பெரும்பாலானவை அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் வகுத்த ஆறு வகைகளை வைத்துத்தான் நடக்கின்றன. முதல் இரண்டு வகைக்கும் இடையே ஒன்றிரண்டு புள்ளிதான் வித்தியாசம் என்றால் அடுத்த வாரம் எழுதும்போது வரிசை மாறிவிடும். மூல மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கினால்தான் அது தெரியும். இதே வகையில் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் தளத்தில் அறுபது கேள்விச் சோதனை இலவசமாக இருக்கிறது. அதில் வரும் வேலைப் பட்டியல் அந்த ஊருக்கானது, அதை விட்டுவிட்டு வகையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

சரியான வயது பத்தாம் வகுப்பு. பதினொன்றில் குரூப் எடுத்த பிறகு பாதிக் கதவுகள் சாத்தப்பட்டுவிடுகின்றன. கணக்கு எடுக்காத பிள்ளைக்கு ப்ளஸ் டூ முடிந்த பிறகு ‘இன்ஜினியரிங் பொருந்தும்’ என்று ரிப்போர்ட் வந்து என்ன பயன்? பத்தாம் வகுப்பில், மனநலப் பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து விளக்கினால் ஐந்துக்கு மூன்றரை. பிடிஎஃப்பை மட்டும் மெயிலில் அனுப்பினால் ஒன்று. விரல் ரேகையை ஸ்கேன் செய்து மூளைத் திறன் சொல்வதாக மால்களிலும் பள்ளிகளிலும் நடக்கும் டெஸ்ட்டுக்கு மதிப்பெண் கிடையாது. ரேகைக்கும் படிப்புத் திறனுக்கும் தொடர்பு உண்டென்று அறிவியல் நிறுவவில்லை.

வெளிநாட்டு கன்சல்டன்சிகளும் கண்காட்சிகளும்

நுங்கம்பாக்கம் பக்கம் இருக்கும் வெளிநாட்டுப் படிப்பு அலுவலகங்கள் பல, மாணவரிடம் காசு வாங்குவதில்லை. பல்கலைக்கழகம் கமிஷன் கொடுக்கிறது. விசா, ஆவண வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம், எந்த நாடு என்று முடிவெடுக்க வேண்டாம். அவர்களிடம் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். ப்ளஸ் டூ முடித்ததும் நேராக ஜெர்மனி அரசுப் பல்கலையில் சேரலாமா? ‘சேரலாம்’ என்று மட்டும் சொன்னால் தப்பு. ஜேஇஇ அட்வான்ஸ்டு தகுதி, அல்லது இங்கே ஒரு வருடப் பட்டப்படிப்பு, அல்லது அங்கே முன்தயாரிப்பு ஆண்டு என்று ஏதாவது வேண்டியிருக்கும். வெளிநாட்டு எம்பிபிஎஸ் என்றால், நீட் தகுதி, குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழி என்ற 2021 விதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்தக் கல்லூரி எப்படிப் பூர்த்தி செய்கிறது என்று காகிதத்தில் காட்ட வேண்டும்.

நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடப்பது மாதிரியான கல்விக் கண்காட்சிகள் அரை நாளுக்குப் பயன்படும். கட்டண அட்டையை வாங்கிக்கொண்டு, எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடு மதிப்புச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம்) எவ்வளவு என்று கேட்டுவிட்டு வாருங்கள். ‘அதிகபட்சச் சம்பளம்’ பேனரில் ஒரே ஒரு மாணவரின் எண் இருக்கிறது. உங்கள் நம்பரை எழுதிக் கொடுத்தால் ஜூலை வரை போன் வரும்.

அரசு தரும் உதவி

மாணவர்களுக்கு வழிகாட்டத் தமிழக அரசு நடத்தும் நான் முதல்வன் திட்டம் 2022-ல் வந்தது. ப்ளஸ் டூ மாணவர்களுக்கு உயர்படிப்பு பற்றிச் சொல்லும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகள் அதன் பகுதி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இதில் கிடைக்கும் படிப்புப் பட்டியல், பல தனியார் ஆலோசகர்கள் தருவதைவிட அகலமானது. ஆனால் அரங்கில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பிள்ளையின் கேள்விக்கு நேரம் கிடைப்பதில்லை. கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போவது நல்லது. 14417 உதவி எண்ணில் தனியாகக் கேட்கலாம். மதிப்பெண் நான்கு.

டிஎன்இஏ உதவி மையங்கள் அரசுப் பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளில் இயங்குகின்றன. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் அங்கேயே பதிவு செய்யலாம், சாய்ஸ் நிரப்பலாம். ‘எந்தக் கல்லூரி நல்லது’ என்று அங்கே கேட்டால் பதில் வராது, அது அவர்கள் வேலையும் இல்லை. எப்படி நிரப்புவது, சான்றிதழில் என்ன கோளாறு என்பதற்கு அவர்களை விடத் தெரிந்தவர்கள் தனியாரில் குறைவு. கடைசி நாளில் கூட்டம் தாங்காது, பதிவு தொடங்கிய முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், பத்து மற்றும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், வெளி மாநிலத்தில் படித்திருந்தால் இருப்பிடச் சான்று ஆகியவற்றை எடுத்துப் போங்கள். முதல் பட்டதாரி சலுகை கேட்பவர்களிடம் சான்றிதழ் மட்டும் இருக்கும், அதோடு சேர வேண்டிய குடும்பக் கூட்டு உறுதிமொழியை வாங்காமல் வந்திருப்பார்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் சலுகை ஏறாது. சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் என்பதால், அக்கா ஏற்கெனவே அதை வாங்கியிருக்கிறாரா என்று இ-சேவை மையத்துக்குப் போகும் முன்பே வீட்டில் கேட்டுவிடுங்கள்.